கப்டன் கிரிகோரியின் பதவி உயர்வுகள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் ஒரு பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்க முதலில் தேவையானது ஒரு வரலாற்றுப் பெருமகன். இந்த உண்மையை வதனி ரீச்சர் நகர மண்டபங்களைப் பங்கிடும் அலுவலகத்தில்தான் அறிந்துகொண்டாள். அவளுடைய ஞாயிறு தமிழ் வகுப்பு பல்லரோ சந்தைக்குப் பின்னால், ஒரு மீன்காரன் இரக்கப்பட்டுக் கொடுத்த அறையில் நடந்துவந்தது. இப்போது அதையும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டான்.

"வரலாற்றுப் பெருமகன் ஒருவரைக் கௌரவத் தலைவராகக் கொண்ட சங்கத்துக்கே மண்டபம்" என்றார் அதிகாரி.

"எங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கிறார்கள், சிஞ்ஞோரா. விதியில் பிள்ளைகள் இல்லை."

வதனி பகலில் கிரிகோரி என்ற முதியவரைப் பராமரித்து வந்தாள். சோவியத் குதிரைப்படையில் கப்டனாக ஓய்வுபெற்று, பலெர்மோவில் மணமுடித்த மகளோடு வந்து இருப்பவர். அவருடைய படைப்பிரிவு சண்டைக்குப் போனதில்லை, சினிமாவுக்குத்தான் போனது. யுத்தப் படம் எடுப்பவர்களுக்காக அரசாங்கம் வைத்திருந்த குதிரைகள் அவை. கப்டன் சேவைக்காலம் முழுவதும் குதிரையிலிருந்து விழுந்து விழுந்து செத்தார். இதை அவர் யாருக்கும் மறைத்ததில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

வதனி இதைச் சொன்னதும் தமிழ்ச் சங்கச் செயலாளர் கோபாலசிங்கம் துள்ளிக் குதித்தார்.

"குதிரைப்படையோ! கௌரவத் தலைவருக்கு இந்த ஆள் காணும், வதனி."

"அண்ணை, அவர் சினிமாவிலைதான் சண்டை பிடிச்சவர்."

"குதிரை உண்மைதானே?"

"ஓம், குதிரை உண்மை."

"பிறகென்ன?"

விருந்தினரை உள்ளபடி அறிமுகம் செய்வது நம்மவர் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. கௌரவத் தலைவர் பதவியேற்ற விழாவின் வரவேற்புரையிலேயே கப்டன் கேணல் ஆனார். தலைமையுரையில் ஜெனரல். பிந்தி வந்து நன்றியுரை சொன்ன ஏர்னஸ்ற், தன் பங்குக்கு மார்ஷல் ஆக்கினான். சோவியத் அரசாங்கம் ஓர் ஆயுள் முழுவதும் கொடுக்காததை நம்மவர்கள் தேநீருக்கு முன்னமே கொடுத்து முடித்தார்கள்.

அதிகாரி விசாரணைக்கு வந்தார்.

"எந்தெந்தப் போர்களில் நின்றீர்கள்?"

"நெப்போலியன் போரில் நின்றேன். உள்நாட்டுப் போரிலும் நின்றேன்" என்றார் கப்டன் உண்மையாக.

"எந்தப் பக்கம்?"

"இரண்டு பக்கமும். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது."

அதிகாரி 'நடுநிலையாளர்' என்று குறித்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மண்டபத்தைக் கொடுத்தார்.

மண்டபத்தின் மின்விசிறியுள்ள அறையில் பிள்ளைகள் உயிரெழுத்து முடித்து மெய்யெழுத்துக்கு வந்தார்கள். வதனிக்கு அந்தச் சந்தோஷத்தில் முழங்கால் உளைவு கூட மறந்துபோனது. ஆனால் கப்டனின் முழங்கால் மண்டபத்துப் படி ஏற மறுத்தது. விழாவுக்கு விழா மாலை வரும், போடக் கழுத்து வராது. கோபாலசிங்கம் ஒரு முடிவெடுத்தார். கப்டனின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டி, மாலையைப் போட்டு, முன்னால் ஒரு விளக்கையும் வைத்தார்.

வதனி ஓடிவந்தாள். "அண்ணை! உயிரோடை இருக்கிற மனுசன்!"

"வாங்கின மாலை வாடப் போகுது, பிள்ளை."

வருட முடிவில் அதிகாரி வந்தார். போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்தால் சிசிலியிலும் பொருள் அதுதான். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"உயிரோடு உள்ள பெருமகனுக்கு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். காலமானவருக்கு மண்டபம் நிரந்தரம். அவர் இனி மனம் மாறப்போவதில்லையே" என்றார். "எப்போது நடந்தது?"

மறுக்கத் திறந்த தன் வாயைக் கோபாலசிங்கம் மூடினார். தலையைக் குனிந்தார். "திடீரெண்டு" என்றார்.

வதனி வெட்கம் பிடுங்கித் தின்ன, கப்டனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளைகளுக்கு அறை கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"அப்படியென்றால் சாகிறேன். இந்த முறை குதிரையிலிருந்து விழவும் தேவையில்லை."

மண்டபம் நிரந்தரமானது. நிரந்தர மண்டபத்தைச் சும்மா விடலாமா? மார்ஷல் நினைவுப் பேருரை ஞாயிறுதோறும் நடந்தது. மௌன அகவணக்கத்தின்போது சத்தம் போடுகிறார்கள் என்று முதலில் பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். பிறகு, மாடிப்படிக்கு. பிறகு, வகுப்பையே வேறெங்காவது வைக்கச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு வதனி கப்டனின் வீட்டு மணியை அடித்தாள். காலமானவர் தாமே வந்து கதவைத் திறந்தார். அவளுக்குப் பின்னால் இரண்டே பிள்ளைகள் நின்றார்கள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையை அவர் ஒதுக்கிக் கொடுத்தார்.

"மற்றப் பிள்ளைகள் எங்கே?"

"மண்டபத்திலை. பெற்றோர் கூட்டிக்கொண்டு போட்டினம். இண்டைக்கு உங்கடை கடைசி வார்த்தையைப் பிள்ளையள் மேடையிலை சொல்லுகினம்."

"நான் என்ன சொன்னேனாம்?"

"'தமிழ் வாழ்க' எண்டு."

"பிள்ளைகள் பிழையில்லாமல் சொல்வார்களா?"

"ஓம். பிழைக்காது" என்றாள் வதனி. "எல்லாருக்கும் இத்தாலி எழுத்திலை எழுதிக் குடுத்திருக்கினம்."