துரைக்குச் சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டாக்டர் யாராவது விளக்கிச் சொன்னால் என் தலை நன்றாக ஆடும். ஆனால் என் தலைக்கும் மூளைக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் வீட்டு முயல் துரைக்கு அப்போது ஏழு வயது. மனுஷனாக இருந்தால் பென்ஷன் வாங்குகிற பருவம். வளர்த்தவள் மகள் நிலா. அவள் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் ஹாஸ்டலுக்குப் போனதும், முதுநகர் வீட்டில் துரையும் அவனுடைய தீராத சளியும் என் பொறுப்புக்கு வந்தன.

சிதம்பரத்து மாட்டு டாக்டர் (முயலையும் பார்ப்பார்) தெளிவாகத்தான் சொன்னார். "இது முழுசா குணமாவாது சார். சமாளிச்சிக்கிட்டே போவணும். காலையும் சாயங்காலமும் பெட்டியில உட்கார வச்சி பத்து நிமிஷம் நெபுலைசர். ஈரம் ஆவாது, தூசி ஆவாது. புகை ஆவவே ஆவாது."

தலையை ஆட்டினேன்.

ஐப்பசி அடைமழை. வெள்ளிக்கிழமை காலை. மனைவி குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். துரைக்கு ஓயாத தும்மல். நெபுலைசர் போட்டேன். போட்டதும் குழப்பம் வந்தது. ஈரம் ஆகாது என்கிறார், இந்த மெஷின் ஈரமாகத்தானே ஊதுகிறது? அப்படியென்றால் ஊதியதைக் காய வைக்க வேண்டாமா? நிலா கைக்குழந்தையாக இருந்தபோது தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டித்தானே காய வைத்தோம்?

புகை ஆகாது என்றது மறக்கவில்லை. பீடி புகை, கொசுவத்தி புகை, லாரி விடுவது புகை. சாம்பிராணி எப்படிப் புகையாகும்? அது சாமி சமாச்சாரம்!

இரண்டு கப் சாம்பிராணியைக் கொளுத்திக் கூண்டருகில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் துரை தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, அண்ணாந்து பார்த்தான். பக்திப் பரவசம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீடியோ எடுத்து, 'துரை சிரிக்கிறான்' என்று மகளுக்கு அனுப்பினேன்.

அரை நிமிடத்தில் போன் அலறியது.

"அப்பா! முயல் மூக்காலதான் மூச்சு வுடும். வாயைத் தொறந்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்! உடனே கெளம்பு!"

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மனைவியின் தம்பி சேகர் காரோடு வந்தான். துரைக்குக் காற்று வேண்டுமென்று சிதம்பரம் வரை ஜன்னலைத் திறந்து வைத்து மழையில் நனைந்துகொண்டே போனோம். மடியில் துண்டுக்குள் துரையின் விலா படபடவென்று அடித்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

நிலா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டாக்டர் ஆக்ஸிஜன் வைத்தார். குனிந்து முகர்ந்தார். "ஏன் சார், முயல் மேல கோயில் வாசனை அடிக்குது?"

"இன்னிக்கி வெள்ளிக்கெழமை சார்," என்றான் சேகர், உதவி செய்வதாக நினைத்து.

உண்மையைச் சொன்னேன்.

"சாம்பிராணி புகையா, இல்லையா சார்?"

"புகைதான் சார்... ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் துரை வாயை மூடினான். அப்புறம் என் சட்டைப் பொத்தானைக் கடித்தான். நிலா அப்போதுதான் என்னிடம் பேசினாள். "நீ நல்ல ஆளுதாம்பா. அதான் பயமா இருக்கு."

துரைக்கு இப்போது எட்டு வயது. சளியும் இருக்கிறது, அவனும் இருக்கிறான். நெபுலைசர் போட எனக்கு அனுமதி உண்டு, மகள் வீடியோ காலில் இருந்தால் மட்டும். வீட்டு விசேஷத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் போதும், சேகர் ஆரம்பித்துவிடுவான்:

"வாயை மூடுங்கப்பா, மாமா பாக்குறாரு. பக்தின்னு நெனச்சி கொளுத்திடப் போறாரு!"