மீஞ்சூர் வந்தால் எழுப்புகிறேன்

படுக்கையில் விழித்திருப்பதும், விழித்திருக்க வேண்டிய இடத்தில் குறட்டை விடுவதும் பதினாறு வயதின் பிறவிக் குணம். எனக்கு அந்த வயதில் சர்க்கரை வியாதியும் இருந்தது. ("இத்தினூண்டு பொண்ணுக்கா?" என்று தெருவே கன்னத்தில் கை வைத்தது.)

மாத்திரை எழுதிய டாக்டர், "பத்து மணிக்குப் படுத்துடணும். தூக்கம் கெட்டா சக்கரை அடங்காது" என்றார். அப்பாவுக்கு அது வேதவாக்கு. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்குத் தூக்கத்தின் அருமை தெரியாதா? ஒன்பதரைக்கே எங்கள் வீட்டு டிவி வாயை மூடிவிடும். நானோ போர்வைக்குள் அம்மாவின் செல்போனில், இலவச மெசேஜ் தீரும்வரை தோழிகளைத் துளைத்துக்கொண்டிருப்பேன். (உலகைப் புரட்டும் சேதி ஒன்றுமில்லை. "சாப்ட்டியா?" தான்.)

அடுத்த சோதனைக்கு மீஞ்சூர் லேபில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா நேராகக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். ரயிலில் உட்கார்ந்ததுமே நான் கொட்டாவி விட்டேன்.

"இன்னா பாப்பா, ராத்திரி தூங்கலியா?"

"தூங்கினேன் நைனா."

"சரி, சாஞ்சிக்கோ. மீஞ்சூர் வந்தா எழுப்புறேன்."

கண் விழித்தால் சென்ட்ரல்!

"ஏன் எழுப்பல?" பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "டாக்டரு தூங்கத்தான சொன்னாரு? நல்லா தூங்கிக்கினு இருந்த. எழுப்ப மனசு வரல."

லேப் மூடுவதற்குள் பிடித்துவிடலாம் என்று பட்டினியோடு அடுத்த ரயிலைப் பிடித்தோம். "இப்ப நீ தூங்கு நைனா, நான் எழுப்புறேன்" என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். மீஞ்சூரைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டியில், பெட்டி கூட்ட வந்த அம்மாள்தான் எங்கள் இருவரையும் துடைப்பத்தால் தட்டி எழுப்பினார்.

மறுநாளும் ஷிஃப்ட் முடித்து அப்படியே என்னை அழைத்துப் போனார். சோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. "பொண்ணைத் தூங்க விடறீங்களா, இல்லையா?" என்று டாக்டர் அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ஒத்தை ரூம் ஊடு சார். நான் ஷிஃப்ட்டுக்குப் போக வர கதவைத் தொறக்கிறேன், சாத்துறேன். என்னாலதான் முழிச்சிக்கிது போல."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அன்று மாலையே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தூங்கினேன். சர்க்கரையும் மெல்லப் பணிந்தது. ஆனால் போன் விஷயத்தை இன்றுவரை அப்பாவிடம் சொன்னதில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது வாக்குக் கொடுத்தால், "இன்னா, மீஞ்சூர்ல எழுப்பறியா?" என்பார் அம்மா.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவருக்கும் சர்க்கரை. போன மாதம் அதே ரயிலில் அதே லேபுக்கு அழைத்துப் போனேன். அவர் கண்கள் சொருகின.

"தூங்கு நைனா. நான் இருக்கேன்ல?"

அப்பா சிரித்தார். "வேணாம் பாப்பா. நீ தூங்கு, நான் முழிச்சிக்கினு வரேன்."