ஆவுடையப்பனின் கனமான வாக்கு

பாகுநாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். குடிமக்களின் பாரம் தாங்காமல் வரைபடம் அந்த இடத்தில் மட்டும் கிழிந்துவிட்டது.

அங்கே தேர்தல் என்றால் தராசுதான். ஆளுங்கட்சியின் ஆதரவாளர்கள் ஒரு தட்டில் ஏறுவார்கள், எதிர்க்கட்சியின் ஆதரவாளர்கள் மறு தட்டில். எந்தத் தட்டு தாழ்கிறதோ அந்தக் கட்சி ஆளும். ஆகவே ஆளுங்கட்சித் தலைவரான மன்னர் தம் ஆட்களின் வீடுகளுக்கு வேளைக்கொரு கூடை அதிரசம் அனுப்பினார். எதிர்க்கட்சி தன் பங்குக்கு லட்டு அனுப்பியது. நாடு வளர்ந்தது, வாசற்கதவுகளை இடித்து அகலப்படுத்தினார்கள்.

பிறகு சிறுநீர் கழித்த இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. எறும்புகள் அந்நியக் கைக்கூலிகள் என்று அரசாணை வந்தது. இது சர்க்கரை நோய் என்று சொன்ன வைத்தியர் குணாளனுக்கு எறும்புகளின் ஏஜெண்டு என்று பெயர் சூட்டினார்கள்.

வண்டிக்காரர் ஆவுடையப்பனுக்கு முதலில் கால் வீங்கியது. அப்புறம் முகம். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டியது. சர்க்கரையும் பருமனும் சேர்ந்து சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டன, வெளியேற வேண்டிய நீர் உடம்பிலேயே தேங்குகிறது, உடனே வடித்தால் பிழைப்பார் என்றார் வைத்தியர். ஆனால் எடை குறைப்பது ராஜதுரோகம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. மனைவி செங்கமலம் எடைத்துறை அமைச்சர் திருமேனிநாதரிடம் போய் நின்றாள்.

“மூச்சு விட முடியலீங்க. தண்ணிய எறக்கினாப் பொழச்சுக்குவாராம்.”

“அது தண்ணீர் அல்ல அம்மா, மக்கள் ஆதரவு,” என்றார் அமைச்சர். “தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிறது. ஒரு சொட்டு வெளியேறினாலும் கட்சித் தாவல்.”

செலவில்லாத வளர்ச்சி என்று வீக்கத்தைப் பாராட்டி ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்.

தேர்தலன்று ஆவுடையப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து ஆளுங்கட்சித் தட்டில் இறக்கினார்கள். அங்கேயே உயிர் போயிற்று. அதிகாரிகள் குனிந்து பார்த்தார்கள், முள் அசையவில்லை. எடையில்லாத எதையும் அந்த அரசு கணக்கில் எடுப்பதில்லை. வாக்கு செல்லும் என்றார்கள். ஆளுங்கட்சி வென்றது.

செங்கமலம் உடம்பைக் கேட்டாள். எதிர்க்கட்சி ஆட்சேபம் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் தலைவர் பூங்குன்றனிடம் ஓடினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உன் வீட்டுக்காரர்மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அவரு எடையில பாதி தண்ணி. அதெல்லாம் கள்ள ஓட்டு. வடிச்சுட்டு உடம்பத் தந்துடறோம்.”

இரு கட்சித் தலைவர்களும் பக்கத்தில் நிற்க, அரண்மனை வைத்தியர்கள் அன்று மாலையே வடித்தார்கள். சிகிச்சை முழு வெற்றி என்று அரசிதழ் அறிவித்தது.