பல்செட்டு பொருத்திய ஸ்டீயரிங்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அந்தக் காலத்தில் ஐம்பது வயது தாண்டிய யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அதில் பாதிச் சிரிப்பு பல்செட்டு செய்தது. மீதிப் பாதிக்கு அவர் ஏற்கெனவே அளவெடுத்து வைத்திருந்தார்.

பொய்ப்பல் கட்டுவது அவர் தொழில். தொழிலே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. வெளியே எடுத்து யாரும் அழுக்காக்கவில்லை. அவர் மனைவியே சாப்பாட்டு வேளையில் வந்து, "பல்செட்டு உள்ள இருக்கா, இல்ல யார் வாயிலயாவது மாட்டிக்கிச்சா?" என்றுதான் கேட்பார்.

பக்கத்துக் கடை என்னுடைய எஸ்.டி.டி. பூத். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் பல் ராவுகிற சத்தம் எனக்குக் கேட்கும். என் பூத்திலிருந்து சவூதிக்கும் துபாய்க்கும் போகிற அழுகையும் சிரிப்பும் அவருக்குக் கேட்கும்.

"மெல்லுறதுக்குப் பல்லு வேணாம் தம்பி, சோத்தைக் குழைச்சுக்கலாம். சிரிக்கிறதுக்குத்தான் பல்லு" என்பார். அதனால் வாடிக்கையாளர் சிரிக்காமல் அளவெடுக்க மாட்டார். துக்கம் விசாரித்துவிட்டு நேராக வந்த ஒருவரை, "மனசு ஆறின பொறவு வாங்க, வாய் ஓடியா போயிடும்?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இத்தனை பேசுகிற மனுஷருக்கு முன்பல் இரண்டு கிடையாது. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "அளவெடுக்கணும்னா நான் சிரிக்கணும். நான் சிரிச்சா கை ஆடும். கை ஆடுனா அளவு தப்பும்" என்பார்.

இவரிடம்தான் லப்பைக்குடிக்காட்டு சாதிக் பாயை அனுப்பிவைத்தேன். பாய் ரியாத்தில் டிரைவர். இரண்டு மாத லீவில் வந்தவர், டிக்கெட் விஷயமாகப் போன் பேச ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு என் பூத்துக்கு வந்தார். உள்ளே ஒரு பொம்மைக் கார். கார் என்றால் முழுக் கார் இல்லை. கிளையில் காய்த்த பிஞ்சு மாதிரி பிளாஸ்டிக் சட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்த முந்நூற்றுச் சொச்சம் உறுப்புகள். பெட்டி மேல் படம் போட்டிருந்தது: பழைய காலத்து அமெரிக்கக் கார் ஒன்றின் கூரையைத் தாழ்த்தி, பானெட்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினை வெளியே காட்டி, பின்னால் தண்டித் தண்டியாய்ச் சக்கரம் மாட்டியிருந்தார்கள். அதற்கு ஹாட் ராட் என்று பெயராம். ஒட்டி முடித்தால் ஒன்றரை முழம் நீளம் வரும்.

"நான் ஒட்டிப் பாத்தேங்க. என் விரலும் விரலும்தான் ஒட்டுச்சு" என்றார் பாய். "லீவு முடியறதுக்குள்ள என் மவகிட்ட காட்டணும். அவ்வளவுதான்."

பல்செட்டு பெட்டியைத் திறந்தார். பிறகு ஒன்றரை மாதம் அவர் யார் வாயையும் திறக்கவில்லை.

அந்த வேலையைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். பல் தேய்க்கிற உப்புத்தாளால் உடம்பு முழுக்க இழைத்தார். ஏழு பூச்சுச் சிவப்பு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பல்லுக்குப் போடுகிற அதே மெருகு. இன்ஜினிலிருந்து பிளக் ஒயர் போகவில்லையே என்று என் மிச்ச டெலிபோன் கேபிளைப் பிரித்து, முடி மாதிரி செம்புக் கம்பி எடுத்து, எட்டு ஒயர் இழுத்தார். முன்கிரில் வரிசை எத்துப்பல் மாதிரி இருக்கிறதென்று பிடுங்கிவிட்டு, பல்லுக்கு வைக்கிற எஃகுக் கம்பியில் புது வரிசை கட்டினார். சீட்டு மட்டும் ஈறு நிறத்தில் அமைந்தது. அவரிடம் ஈறு வார்க்கிற பொடிதான் இருந்தது, வேறு நிறம் இல்லை.

வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். அதில் மூத்தவர் எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வாயில் ஒரு பல் கிடையாது.

"என்னோடது எப்பப்பா?"

"பெயிண்ட் காயுதுங்க."

"என் பல்லுக்கா?"

"காருக்கு."

பெரியவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து தினமும் வந்தார். "முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெருசு. இது டிராக்டர் வம்சம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். பக்கவாட்டில் பல்செட்டு தீ ஜுவாலை வரைந்தபோது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வண்டி தீப்புடிச்சு எரியுது, பெட்டிப் படத்துல ஒருத்தனும் தண்ணி ஊத்தலையே?"

"அது டிசைனுங்க."

"கரும்பு லோடு இப்புடி எரிஞ்சா டிசைன்னு விட்டுருவியா நீ?"

கடைசியில் அவர்தான் அதையும் கண்டுபிடித்தார். "ஏம்ப்பா, ஸ்டீயரிங்கு எடப்பக்கம்ல இருக்கு?"

பல்செட்டுக்கு வெளிநாட்டு வழக்கம் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கொள்கை வேறு. "பல்லு யாரு செஞ்சாலும், போய் உக்கார்ற வாய்க்கு ஏத்த மாதிரி இருக்கணும். இந்த வண்டி இருக்கப்போறது லப்பைக்குடிக்காட்டுல. எடப்பக்கம் ஸ்டீயரிங்கை வெச்சுக்கிட்டு அந்தப் புள்ளை எந்த ரோட்டுல ஓட்டும்?" டீ குடிக்க வந்த பஸ் டிரைவர்கள் இரண்டு பேரும் எட்டிப்பார்த்து அதுதான் நியாயம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். டாஷ்போர்டை அறுத்து, மீட்டர்களை இடம் மாற்றி, மிதிகளைப் பெயர்த்து, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொண்டுவர மூன்று நாள் ஆனது. பழைய இடத்தில் தழும்புகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் பாய் வந்தார். சனிக்கிழமை அவருக்கு விமானம். காரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்!" என்று சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் ஓட்டுற பக்கம் இல்லையேண்ணே."

பிறகுதான் சொன்னார். போனில் ஒரு நாள் மகள் கேட்டிருக்கிறாள், அத்தா எங்கே உட்கார்ந்து வண்டி ஓட்டுவீர்கள் என்று. இடது பக்கம் என்றிருக்கிறார். ஆறு வயசுப் பிள்ளை நம்பவில்லை. ஊரில் எந்த டிரைவரும் அங்கே உட்காருவதில்லையே! "பொய் சொல்றீங்க. நீங்க வண்டியே ஓட்டல. அதான் வூட்டுக்கு ஓட்டிக்கிட்டு வரமாட்டேங்குறீங்க" என்று சொல்லிவிட்டதாம். "நான் உக்கார்ற எடத்தை அது கண்ணால பாக்கணும்ணே. அதுக்குத்தான் இதை வாங்கினேன்."

பல்செட்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டிக்கு அளவெடுத்தேன். மனுசனுக்கு எடுக்காம விட்டுட்டேன்" என்றார் மெதுவாக. "நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் வூட்டுல இருங்க பாய். கொண்டாரேன்."

ஒரே நாளில் எப்படி மாற்றுவார்? மாற்றவில்லை. ஒற்றைப் பல் கட்டும்போது பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு வளைந்த கம்பிக் கொக்கி வைப்பார்கள். ராத்திரி கழற்றிக் காலையில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்டீயரிங் தண்டுக்கு அந்தக் கொக்கியை வைத்தார். இடது பக்கம் ஒரு ஓட்டை, வலது பக்கம் ஒரு ஓட்டை. எதில் வைத்து அழுத்தினாலும் 'டிக்'.

வெள்ளிக்கிழமை பூத்தைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் இரண்டு பேருக்கான இடத்தில் கார் ஒரு ஆளாக உட்கார்ந்து வந்தது.

பாய் மகளை மடியில் வைத்துக்கொண்டு, இடது பக்கம் இருந்த ஸ்டீயரிங்கைத் தொட்டுக் காட்டினார். "இங்கதாம்மா அத்தா உக்காருவேன்."

அந்தப் பிள்ளை வெகுநேரம் பார்த்தது. "அப்ப நெசந்தான்" என்றது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் ஓட்டை எதுக்கு?"

பல்செட்டு குனிந்து, "ஒங்க அத்தா ஊருக்கு வந்தா அந்தப் பக்கம்மா" என்றார்.

பிள்ளை உடனே ஸ்டீயரிங்கைப் பிடுங்கி வலது பக்கம் வைத்து அழுத்தியது. 'டிக்'. "இப்ப அத்தா இங்கதானே இருக்காங்க!"

அதுவே அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. பாய் போனால் ஸ்டீயரிங் இடது பக்கம், வந்தால் வலது. பாய் ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ரியாத்திலிருந்து என் பூத்துக்குப் போன் செய்வார். "வலப்பக்கம்னு அண்ணன்கிட்ட சொல்லிருங்க." உடனே பல்செட்டு குறடை எடுத்துக்கொண்டு, கொக்கி தளர்ந்திருக்கும் என்று சாக்குச் சொல்லி லப்பைக்குடிக்காட்டு பஸ் ஏறிவிடுவார். எறையூர்ப் பெரியவருக்கும் ஒருவழியாகப் பல் வந்தது. அதற்குப் பிறகும் அவர் ஸ்டூலைக் காலி செய்யவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, செல்போன் வந்து என் பூத் ஈயடிக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு மத்தியானம் மணி அடித்தது. சாதிக் பாய்.

"வலப்பக்கம்தானே பாய்? சொல்லிடுறேன்" என்றேன்.

"ஆமா. இந்தத் தடவை எடப்பக்க ஓட்டையை அடைச்சிரச் சொல்லுங்க. இனிமே நான் திரும்பிப் போகப்போறதில்ல."

பக்கத்துக் கடைக்கு நாலு அடி தூரம். அதை ஓடித்தான் கடந்தேன். பல்செட்டு ஒருவர் வாயில் அளவு மாவை அழுத்திக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும், "தம்பி, இவரைப் பாத்துக்க. சிரிக்காம இருக்கச் சொல்லு" என்று பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த மனிதரின் வாயிலிருந்து மாவை எடுக்க நானும் எறையூர்ப் பெரியவரும் பட்ட பாடு தனிக்கதை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்.

"அடைச்சாச்சாண்ணே?"

"அடைச்சாச்சு. ஸ்டீயரிங்கையும் வலப்பக்கமே ஒட்டிட்டேன். இனி எவனாலயும் கழட்ட முடியாது."

ஆயுசு முழுக்கக் கழற்றி மாட்டுகிற பல்லே கட்டிய மனுஷர், கழற்றவே முடியாத ஒன்றை அன்றைக்குப் பொருத்திவிட்டு வந்திருந்தார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்திருந்ததால் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. நான் அந்த டப்பாவை வாங்கி வைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் வாங்காமலே நின்றுகொண்டிருந்தேன்.