மேற்படி மிதிவண்டி

மிதிவண்டிப் பயணத்தை ஊக்குவிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தால் ஊக்குவித்துத்தானே ஆக வேண்டும்? வீரபாண்டிச் சாலையோரம் அரை கிலோமீட்டருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ஈரம் காய்வதற்குள் அதன்மேல் நாலு கார் நின்றது. ஐந்தாவதாக நின்ற ஜீப்பிலிருந்து மிதிவண்டி ஊக்குவிப்புச் சிறப்பு அலுவலர் அனுப்பிரியா இறங்கினார்.

சீனிச்சாமிக்கு ஊக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். எட்டரைக்குக் கேட் சாத்திவிடுவார்கள். பிந்தினால் அவருடைய இஸ்திரி மேஜையில் வேறு ஆள் நிற்பான். அவசரமாக மிதித்துக்கொண்டு வந்தவரை அலுவலர் மறித்தார்.

"வாங்க, வாங்க! உங்களை மாதிரி ஆளைத்தானுங்க தேடிட்டிருக்கோம். எதுக்காக சைக்கிள் ஓட்டறீங்க? உடல்நலமா, சுற்றுச்சூழலா, பொழுதுபோக்கா?"

"வேலைக்குப் போறேம்மா."

"படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லீங்களே." சற்று யோசித்துவிட்டு, பொழுதுபோக்கு என்று டிக் அடித்தார். "சைக்கிளுக்குப் பில் இருக்குங்களா?"

"பில்லா? எம்மக ஆஷா பதினொன்னாங் கிளாஸ் படிக்கையில பள்ளிக்கூடத்துல சும்மா குடுத்ததும்மா. அவ இப்ப கோயமுத்தூர்ல காலேஜ் ஆஸ்டல்ல இருக்கா. வண்டி சும்மா நிக்குதேன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

அந்தப் பக்கத்து அப்பாக்களின் சைக்கிளில் பாதி, பிள்ளைகள் படித்துச் சம்பாதித்ததுதான். இது ஊருக்கே தெரியும். அலுவலருக்குத்தான் முகம் மாறியது.

"ஏனுங்க, இது மாணவி பள்ளிக்கூடம் போறதுக்கு அரசு குடுத்ததுங்க. நீங்க கம்பெனிக்கு ஓட்டிட்டுப் போனா திட்டத்தைத் தவறாப் பயன்படுத்தறதுங்க."

"அப்ப நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணுமாம்மா?"

"சேர்ந்ததுக்குச் சான்றிதழ் இருந்தாப் பரவால்லீங்க."

ஐம்பது வயதில் அந்தச் சான்றிதழ் கையில் இல்லாதது சீனிச்சாமியின் குற்றம்தானே! வாங்க, போங்க என்று மரியாதைக்குக் குறைவில்லாமல் சைக்கிளைப் பறிமுதல் செய்து வண்டியில் ஏற்றினார்கள். அந்த வாரத்தில் இப்படி நூறு அப்பாக்கள் திருத்தப்பட்டார்கள்.

சீனிச்சாமி தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்தார். பச்சைத் தடத்தில் நடந்தபோது, இது சைக்கிளுக்கு மட்டும் என்று இறக்கிவிட்டார்கள். ஏழாம் நாள் பிந்திப் போனார். மேஜையில் வேறு ஆள். கெஞ்சிக் கூத்தாடி, துணி மடிக்கிற இடத்தில் நின்றுகொண்டார். யாரிடம் சொல்வது?

இதற்கிடையே மேலிடம் கேட்டது: தடம் இருக்கிறது, சைக்கிள் எங்கே? நியாயமான கேள்வி. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். அனுப்பிரியா கோப்பைப் புரட்டித் தீர்வு கண்டுபிடித்தார். கிடங்கில் கேட்பாரற்று நூறு சைக்கிள் கிடந்தது. ஊரில் சைக்கிளே இல்லாத ஏழைத் தொழிலாளர்கள், என்ன பொருத்தமோ, சரியாக நூறு பேர் இருந்தார்கள்.

பந்தல் போட்டு, மேளம் வைத்து, ஆளுங்கட்சிப் பிரமுகரை அழைத்து விழா நடந்தது. சீனிச்சாமி மேடையேறினார். புதிதாகப் பச்சையடித்து மாலை போட்ட சைக்கிள். ஆஷா என்று ஆணியால் கீறிய எழுத்து பெயின்டுக்கு அடியிலும் தெரிந்தது. கும்பிட்டு வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

போட்டோவைப் பார்த்துவிட்டு மகள் போன் செய்தாள். "அப்பா, அது என் சைக்கிள்தானே?"

"ஆமா தாயி."

"நம்மகிட்டப் பறிச்சதை நமக்கே குடுக்குறாங்க. அதைப் போயி கும்பிட்டு வாங்கியிருக்கீங்களே!"

"புடுங்குனத யாரு தாயி திருப்பிக் குடுத்திருக்கா? இவுக குடுத்தாகள்ல. வர்ற எலெக்சன்ல நம்ம ஓட்டு இவுகளுக்குத்தான்."