இருபது நிமிட ஆவி

ஜெராக்ஸ் கடைக்காரர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத கூட்டமெல்லாம் இப்போதுதான் அவரைப் பார்க்க முண்டியடிக்கிறது. வாசலில் செருப்பு விட இடமில்லை. மனிதர் குடியிருப்பது எங்கே தெரியுமா? கடைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்களுக்குள்!

இதைக் கண்டுபிடித்தவர் ஒலியடிகள். அடிகளாவதற்கு முன்பு மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். புருஷன் போனதிலிருந்து ஸ்பீக்கர் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது என்று கடைக்காரர் மனைவி யாரிடமோ புலம்ப, அது அடிகள் காதில் விழுந்தது. வந்தார், பெட்டியைத் தடவினார், கண்ணை மூடினார்.

"அண்ணன் இதுக்குள்ளதாம்மா இருக்காரு."

அந்த அம்மாள் விம்மி அழுதார். அடிகளுக்குப் பிழைப்பு கிடைத்துவிட்டது.

முறை எளிது. காணிக்கை வைத்துக் கேள்வியைச் சொல்ல வேண்டும். அடிகள் ஸ்பீக்கரைப் போடுவார். யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. இருபதாவது நிமிடம் ஸ்பீக்கரின் பச்சை விளக்கு பொட்டென்று அணையும். அணைந்தால் சம்மதமா, மறுப்பா? அதை அடிகள் காணிக்கையின் கனத்தைப் பார்த்து முன்கூட்டியே அறிவித்துவிடுவார். தையல்காரர் கடை மாற்ற உத்தரவு வாங்கினார். பேங்க் மேனேஜர் ஒருவர் லீவு போடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். படித்தவருக்கும் தனி வரிசை கிடையாது, அந்த மட்டுக்கும் சமத்துவம்!

ஒருநாள் கடைக்காரர் மகளின் முறை வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மகள் போனால் அம்மாவும் பின்னாலேயே போய்விடுவார், கடையை மூடினால் அடிகள் எங்கே போவார்?

"போகக் கூடாதுன்னா அண்ணன் விளக்க அணைப்பாரு" என்றார்.

அணைந்தது.

"பாத்தியாடி? அப்பாவே வேணாங்கறாரு" என்று அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை மகள் ஸ்பீக்கரை வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாள், அணைந்தது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள், அங்கும் அணைந்தது. பிறகு பாட்டுப் போட்டாள். ஒரு மணி நேரம் ஆகியும் விளக்கு அசையவில்லை.

மறுநாள் கூட்டத்தின் நடுவே ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். அதே ரக ஸ்பீக்கர், கம்பெனியில் ஒட்டிய டேப்கூடப் பிரிக்காதது. எல்லார் கண்முன்னும் பிரித்துப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"சாமி, இப்ப கேளுங்க."

அடிகள் கண்ணை மூடினார். இருபது நிமிடம். பழையது அணைந்தது. கூடவே புதியதும் அணைந்தது.

"இதுக்குள்ள யாரு சாமி இருக்கா?"

"அண்ணன்தாம்மா... ரெண்டுலயும் பரவிட்டாரு."

"இத வாங்கின கடையில இன்னும் நாப்பது அடுக்கி வெச்சிருக்காங்க. அங்கயும் எங்கப்பாதானா?" பெட்டியிலிருந்த தாளை எடுத்து உரக்கப் படித்தாள். "இருபது நிமிடம் ஒலி வராவிட்டால், மின்சாரத்தைச் சேமிக்கத் தானாகவே அணையும்."

அம்மா பழைய ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அவரு வரவே இல்லியா?"

"இல்லம்மா. அப்பா இருந்தப்ப நாள் பூரா பாட்டு ஓடும், அதனால அணையல. அவரு போனப்புறம் நாம பாட்டே போடல. அவ்வளவுதான்."

பாவம், அந்த அம்மாளுக்குப் புருஷன் இரண்டாம் முறை செத்தது போலிருந்தது. நெடுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "துணியெல்லாம் எடுத்து வை. நானே வந்து பஸ் ஏத்தி விடறேன்" என்றார்.

அதற்குள் அடிகள் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

"அடுத்து எங்க உக்காரப் போறாராம்? விலாசம் கெடைக்குமா?" என்று தையல்காரர் மெல்ல விசாரித்தார்.

இருபது நிமிடம் சத்தமில்லாவிட்டால் ஸ்பீக்கர் அணைகிறது. நாம் வருடக்கணக்காக ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறோமே, நம் மண்டைக்குள் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள் ஐயா!