இடுப்புக்குப் பொட்டு வைத்த கதை

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு கோயில் குளத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத ஒரே ஒரு அபார்ட்மென்டில், ஒரே ஒரு இடுப்பு இருந்தது. ஊர் மயிலாப்பூர். இடுப்பின் சொந்தக்காரர் கிச்சா.

சாதாரண இடுப்பு இல்லை. படித்த இடுப்பு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்த கிச்சா, தலை நரைத்த பிறகு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டார். ஸ்போர்ட்ஸ் எர்கனாமிக்ஸும் மனித அசைவு அறிவியலும். எப்படி ஓடினால் முட்டி தேயாது, எப்படிக் குனிந்தால் முதுகு பிடிக்காது, மட்டை என்ன கனம் இருந்தால் தோள் கழலாது என்று ஆராய்கிற படிப்பு. கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டதைத் தவிர கிச்சா விளையாட்டின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் வகுப்புகள் சனி, ஞாயிறு. வீட்டு வேலைகளும் சனி, ஞாயிறு. இரண்டில் எது சுகம் என்று கண்டுபிடிக்கும் அறிவு அவருக்கு எம்.எஸ்ஸி.க்கு முன்பே இருந்தது.

வகுப்பில் எல்லோருக்கும் அவர் அங்கிள். எப்படி உட்காரக் கூடாது என்று காட்டப் பேராசிரியை சரண்யா உதாரணம் தேடும்போதெல்லாம், மொத்த வகுப்பும் அவர் பக்கம் திரும்பும். கிச்சா அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

படிப்பு ஏற ஏற வீட்டில் பாஷை மாறியது. குனிவது என்ற சொல் ஒழிந்து 'முன்வளைவு' வந்தது.

"ஏன்னா, வெங்காயம் ஒண்ணு உருண்டு போயிடுத்து. எடுங்கோ" என்பாள் மனைவி கோமளம்.

"முடியாது. என் முதுகுத்தண்டுக்கு இன்னிக்கு முன்வளைவு போதும்."

"இன்னிக்கு எப்போ வளைஞ்சேள்?"

"செருப்பு போட்டுண்டேனே!"

வெங்காயத்தைக் கோமளமே எடுப்பாள். சாப்பிடும்போது கிச்சாவின் தட்டில் மட்டும் வெங்காயம் இருக்காது.

"ஏண்டி, சாம்பார்ல வெங்காயம் எங்கே?"

"பாத்திரத்தோட அடியில கிடக்கு. நீங்களே முன்வளைஞ்சு எடுத்துக்கோங்கோ."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் போகிப் பண்டிகை வந்தது. போகி என்றால் மற்றவர்களுக்குப் பழையன கழிதல். கிச்சாவுக்குப் பரண். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு போகிக்கும் பரண்மேல் ஏறி, கோமளத்தின் பிறந்தாத்து அண்டா, வெண்கலப் பானை, கொலுப்படி, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாத டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். இறக்கிய எதையும் யாரும் உபயோகித்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த வருஷம் போகியன்று சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச். கீழ்வீட்டு ஹென்றி, பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், கிச்சாவுக்கும் ஒரு டிக்கெட் வாங்கிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கிச்சா சேப்பாக்கத்தைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர். உள்ளேயிருந்து வரும் கூச்சலைக் கேட்டு, பஸ்ஸுக்குள்ளேயே கைதட்டியவர். இந்தத் தடவை எப்படியும் உள்ளே போய்விடுவது என்று தீர்மானித்தார். பரணா, படிப்பா, பார்த்துவிடலாம்!

முந்தின நாள் சாயங்காலம் திட்டம் ஆரம்பமானது.

"கோமளா, உன் ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட்டைக் குடு."

"எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு. தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால், மூட்டு மூட்டா பொட்டு வெச்சுண்டு வேலை செஞ்சா, போன் கேமரா அதைப் பிடிச்சுக் கோடு போடும். சரியான அசைவுன்னா பச்சை. ஆபத்துன்னா சிவப்பு."

"எம் பொட்டு உங்க முட்டிக்கா?"

"அறிவியலுக்கு நெத்தியும் ஒண்ணு, முட்டியும் ஒண்ணு."

பனியன், அரை டிராயர், உடம்பெங்கும் சாந்து நிறப் பொட்டு. அம்மன் ஊர்வலத்தில் வேஷம் கட்டியவர் மாதிரி கிச்சா கூடத்தில் நின்றார். கோமளம் போனைப் பிடித்தாள். கிச்சா சமையலறைத் தண்ணீர் அண்டாவைத் தூக்கினார். தூக்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதுகைக் கேள்விக்குறியாக்கி, கழுத்தைக் கோணி, ஒரு காலை அந்தரத்தில் விட்டு, "அம்மாடீ...!" என்று அலறினார். படிப்பில் எதெல்லாம் செய்யக் கூடாதோ அதெல்லாம் ஒரே அண்டாவில் செய்துகாட்டினார். திரையில் ஒரே சிவப்பு. சிக்னலே தோற்றது.

"இப்போ நீ தூக்கு. ஒப்பிட்டுப் பாக்கணும்."

கோமளம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அங்கங்கே பொட்டை ஒட்டிக்கொண்டாள். முட்டியை மடித்து உட்கார்ந்து, அண்டாவை வயிற்றோடு அணைத்து, முதுகு துளி வளையாமல் எழுந்தாள். திரையில் தலை முதல் கால் வரை பச்சை. வயல்!

கிச்சாவுக்கு ராத்திரி முழுக்க சேப்பாக்கம் கனவு.

போகி காலை. கழுத்தில் விசிலோடு ஹென்றி மாடி ஏறி வந்தார். தூங்கும்போதுகூட அந்த விசிலைக் கழற்றமாட்டார் என்பது அவர் மனைவி ஜொவிட்டாவின் புகார்.

"இன்னா சார், ரெடியா? ஜொவிட்டா கீழ ஆட்டோவுல குந்திகினு கீது. டிக்கெட் இந்தா."

"ஒரு நிமிஷம், ஹென்றி. தீர்ப்பு சொல்லிட்டு வந்துடறேன்." கிச்சா தொண்டையைச் செருமிக்கொண்டு போனை நீட்டினார். "பாரு கோமளா. நான் சிவப்பு. நீ பச்சை. நான் பரணைத் தொட்டா இடுப்பு போச்சு. நான் சொல்லலை. அறிவியல் சொல்றது."

கோமளம் இரண்டு வீடியோவையும் நிதானமாகப் பார்த்தாள்.

"வாஸ்தவம்தான்னா. ஒரே ஒரு சந்தேகம். ஒரு பையன் தப்பா பௌலிங் போடறான், முதுகு பிடிச்சுக்கறது. அவனை ஆத்துல படுக்க வெச்சுடுவாளா?"

"சேச்சே! படுத்தா தப்பு சரியாயிடுமா? சரியான அசைவைத் திரும்பத் திரும்பப் பண்ண வைப்பா. அதான் எங்க படிப்போட அஸ்திவாரமே!"

"ஓஹோ. எல்லாம் பச்சையா வர்றவாளை என்ன பண்ணுவா?"

"அவாளுக்கு இனிமே கத்துக்க என்ன இருக்கு? கோச் ஆக்கிடுவா."

"கோச் ஓடி ஓடி பௌலிங் போடணுமா?"

"அசடு! கோச் எதுக்கு ஓடணும்? நாற்காலியில உக்காந்து விசில் ஊதினாப் போறும்!"

சொல்லி முடித்த பிறகுதான் கிச்சாவுக்குத் தன் குரலே வித்தியாசமாகக் கேட்டது.

கோமளம் பரணுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஹென்றி அண்ணா, அந்த விசிலைக் கொஞ்சம் குடுங்கோ."

ஜொவிட்டாவுக்கே மசியாத விசில், மறுபேச்சில்லாமல் கழன்று வந்தது.

"அநியாயம்!" என்றார் கிச்சா. "ஹென்றி, நீயாவது சொல்லுப்பா!"

ஹென்றி போனைப் பார்த்தார். "இன்னா சார் இப்டி தூக்கிகீறே? எங்க ஸ்கூல்ல ஆறாங் கிளாஸ் பையன் இப்டி தூக்குனா, கிரவுண்டை சுத்தி ஓட வுடுவேன். நெஜமாவே உனக்கு இப்டித்தான் வளையுதா? இல்ல, நடிச்சியா?"

கிச்சா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நிஜம் என்றால் பயிற்சி. நடிப்பு என்றால் இடுப்பில் கோளாறே இல்லை. இரண்டுக்கும் பரண்தான்.

பீ... ப்!

"பொட்டை வெச்சுக்கோங்கோ. ஏறுங்கோ."

ஏணியில் ஏறினார். அண்டாவைப் பிடித்தார். பீப்! "முட்டியை மடிங்கோ." மடித்தார். பீப்! "அண்டாவை வயத்தோட அணைங்கோ. அது ஒண்ணும் அந்நியம் இல்லை, எங்காத்து அண்டாதான்." அணைத்தார். இறங்கினார். திரையில் முட்டிப் பக்கம் ஒரு கோடு பச்சையானது.

"பாத்தேளா! படிப்பு வீண் போகலை" என்றாள் கோமளம். சந்தோஷமாகவே சொன்னாள். அதுதான் கிச்சாவுக்குத் தாங்கவில்லை.

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. ஹென்றி டிக்கெட்டைக் கையில் புரட்டினார். "அப்ப இது வேஸ்ட்டா, சார்?"

"எதுக்கு வேஸ்ட்டாகணும்?" கோமளம் எழுந்தாள். "ஒரு கோச் நல்ல ஆட்டத்தைப் பாக்காம இருக்கலாமோ?" டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். போனை ஜன்னல் கம்பியில் பரணைப் பார்த்துச் சாய்த்து நிறுத்தினாள். ஹென்றி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

"கோமளா, நான் என்னடி பண்றது?"

வாசலில் நின்று திரும்பினாள்.

"பொட்டை மட்டும் எடுத்துடாதீங்கோ. வீடியோ ஓடிண்டிருக்கு. சாயங்காலம் வந்து சிவப்பு மிச்சம் இருக்கான்னு பாக்கணும்."

படி இறங்கினாள். தலை நேர். தோள் தளர்வு. முட்டியில் அளவான மடிப்பு. அண்டாவை அணைத்தபடி நின்ற கிச்சா, படித்த கண்ணால் கடைசிப் படி வரை பார்த்தார். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.